காதர்பேட்டை: திருப்பூர் பனியன் சந்தையின் வரலாறும் இன்றைய நிலையும்

திருப்பூர் பற்றிய செய்திகளில் பெரும்பாலும் ஏற்றுமதி நிறுவனங்களும், வெளிநாட்டு ஆர்டர்களும், கோடிக்கணக்கான ரூபாய் அந்நியச் செலாவணியும்தான் இடம்பெறுகின்றன. ஆனால் கையில் சில ஆயிரம் ரூபாயுடன் ஊரிலிருந்து கிளம்பி, ஒரு பண்டல் சரக்கு வாங்கிக்கொண்டு அன்றே திரும்பும் சிறு வியாபாரிக்குத் தெரிந்த திருப்பூர் வேறு. அவர் ரயிலை விட்டு இறங்கி, நடந்தே போய்ச் சேரும் இடம் காதர்பேட்டை.

ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள இந்தப் பகுதியில் பனியன், ஜட்டி, டி-ஷர்ட், லோயர், நைட் பேண்ட், லெக்கின்ஸ், குழந்தைகள் உடை என்று பின்னலாடையில் எதைக் கேட்டாலும் கிடைக்கும். மொத்த விலைக்கும் கொடுப்பார்கள், சில்லறைக்கும் கொடுப்பார்கள். ஏற்றுமதியில் மிஞ்சியது, கழிக்கப்பட்டது, உள்நாட்டுக்கென்றே தைத்தது என மூன்று வகைச் சரக்கும் ஒரே தெருவில் கிடைப்பதுதான் இதன் சிறப்பு.

குறைந்த விலையில் துணி கிடைக்கும் இடம் என்று மட்டும் காதர்பேட்டையைப் பார்த்தால், அதன் முக்கியமான பணி கண்ணில் படாது. பெரிய தொழிற்சாலைகளின் நஷ்டத்தில் ஒரு பகுதியை இந்தச் சந்தை ஈடுகட்டுகிறது. பெரிய முதல் இல்லாதவருக்கும் ஜவுளித் தொழிலில் நுழைய வழி விடுகிறது. இந்தச் சந்தை நலிந்தால் முதலில் பாதிக்கப்படுவது அந்தச் சிறிய மனிதர்கள்தான். அதனால் அதன் வரலாற்றையும், அது இயங்கும் விதத்தையும், இன்று அது சந்திக்கும் சவால்களையும் அறிந்துகொள்வது அவசியம்.

பருத்தியும் ரயிலும் கதரும்

திருப்பூர் திடீரென்று ஒரே நாளில் பனியன் ஊராகிவிடவில்லை. நொய்யல் ஆற்றங்கரையில் அமைந்த இந்த ஊரைச் சுற்றியுள்ள கொங்குச் சீமையின் மானாவாரி நிலங்களிலும் கிணற்றுப் பாசன நிலங்களிலும் பருத்தி விளைந்தது. 1862-இல் சென்னையையும் மேற்குக் கடற்கரையில் உள்ள பேப்பூரையும் இணைக்கும் ரயில் பாதை நிறைவடைந்தது. திருப்பூர் அந்தப் பாதையில் அமைந்திருந்ததால், சுற்றுவட்டாரப் பருத்தி இங்கே வந்து சேர்ந்து வெளியூர்களுக்குப் போகத் தொடங்கியது. பருத்தியிலிருந்து விதையைப் பிரிக்கும் அரவை ஆலைகளும், பஞ்சைப் பொதியாகக் கட்டும் ஆலைகளும் வந்தன. 1917-இல் திருப்பூர் நகராட்சியானது.

விடுதலைப் போராட்ட காலத்தில் திருப்பூர், தமிழ்நாட்டின் முக்கியமான கதர் மையமாகவும் இருந்தது. சுற்றுக் கிராமங்களில் நூற்ற நூலும் நெய்த துணியும் இங்கே கொண்டுவரப்பட்டு விற்கப்பட்டன. 1932 ஜனவரி 10 அன்று கொடியேந்தி ஊர்வலம் சென்று, காவல்துறையின் தடியடிக்கு ஆளாகி மறுநாள் உயிர்நீத்த குமரன் வாழ்ந்த ஊரும் இதுவே. அவர் பெயரைத் தாங்கிய குமரன் சாலை இன்று ஊரின் முக்கிய வணிகச் சாலைகளில் ஒன்று.

பஞ்சும் நூலும் கைவசம் இருந்தன. ரயில் வசதி இருந்தது. துணியின் தரம் பார்த்து விலை பேசத் தெரிந்த வியாபாரிகளும் இருந்தார்கள். பின்னல் தொழில் இங்கே வேர்பிடிக்க இந்த மூன்றும் உதவின.

முதல் பின்னல் இயந்திரம்

நெசவுத் துணி என்பது பாவு நூலும் ஊடு நூலும் குறுக்கும் நெடுக்குமாகச் சேர்ந்து உருவாவது. பின்னல் துணி அப்படியல்ல. ஒரே நூல் வளையம் வளையமாக ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொண்டு போகும். அதனால்தான் பனியன் துணி இழுத்தால் நீள்கிறது, உடலோடு ஒட்டி நிற்கிறது, வியர்வையை உறிஞ்சுகிறது. இந்தத் தொழில் இந்தியாவில் முதலில் கால் ஊன்றிய இடம் கொல்கத்தா.

திருப்பூரில் பனியன் தொழில் தொடங்கிய கதையைச் சொல்பவர்கள் முதலில் குறிப்பிடும் பெயர் குலாம் காதர். விடுதலைக்கு முன்பே கொல்கத்தாவில் பின்னல் இயந்திரங்களைப் பார்த்துவிட்டு, அவற்றைத் திருப்பூருக்குக் கொண்டுவந்து ‘பேபி நிட்டிங் இண்டஸ்ட்ரீஸ்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார் இந்த முஸ்லிம் வணிகர். கையால் சுழற்றும் எளிய இயந்திரங்களோடு தொடங்கிய அந்த முயற்சியைப் பின்பற்றிப் பலரும் இத்தொழிலில் இறங்கினார்கள். இன்று பல லட்சம் பேருக்குச் சோறுபோடும் ஒரு தொழிலின் தொடக்கப் பக்கத்தில் ஒரு முஸ்லிம் வணிகரின் பெயர் இருப்பது நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய செய்தி.

விடுதலைக்குப் பிறகு தொழில் விரிந்தது. 1956-இல் தென்னிந்திய பனியன் உற்பத்தியாளர் சங்கம் தொடங்கப்பட்டது. ‘சைமா’ என்ற சுருக்கப் பெயரில் இன்றும் அது உள்நாட்டு உற்பத்தியாளர்களின் குரலாக இருக்கிறது. அந்தக் காலத்தில் திருப்பூரின் சரக்கு என்றால் வெள்ளை பனியனும் உள்ளாடையும்தான். கைவைத்த பனியன், கையில்லா பனியன், ஜட்டி ஆகியவை நாடெங்கும் போயின. மொத்த வியாபாரிகள் ரயிலில் வருவார்கள். சரக்கைப் பார்த்து ஆர்டர் கொடுப்பார்கள். பண்டல் கட்டி ரயிலிலும் லாரியிலும் அனுப்பப்படும். ரயில் நிலையத்தை ஒட்டிய காதர்பேட்டை இந்த வியாபாரத்துக்குத் தோதான இடமாக இருந்தது.

கொங்கு மண்டலத்தின் ஜவுளிச் சந்தைகளைப் பற்றிப் பேசும்போது ஈரோட்டையும் சொல்ல வேண்டும். அங்கே அப்துல் கனி பெயரில் இயங்கும் ‘கனி மார்க்கெட்’ வாரச்சந்தையாகப் புகழ்பெற்றது. திங்கள்கிழமை மாலை கூடி செவ்வாய் வரை நடக்கும் அந்தச் சந்தையில் வேட்டி, துண்டு, லுங்கி, போர்வை, சேலை என நெசவுத் துணிகளே பிரதானம். காதர்பேட்டை தினமும் நடக்கும் சந்தை. இங்கே பின்னல் துணிதான் பிரதானம். சுற்றுவட்டாரச் சிறு வியாபாரிகளுக்கு இந்த இரண்டு சந்தைகளும் இரண்டு கைகள் போல.

வெள்ளை பனியனிலிருந்து டி-ஷர்ட்டுக்கு

1970-களின் இறுதியில் திருப்பூரின் போக்கு மாறத் தொடங்கியது. 1978-இல் வெரோனா என்ற இத்தாலிய இறக்குமதியாளர் மும்பை ஏற்றுமதியாளர்கள் வழியாகத் திருப்பூர் வந்து வெள்ளை டி-ஷர்ட்டுகள் வாங்கினார். அதைத் தொடர்ந்து 1980-களின் தொடக்கத்தில் ஐரோப்பாவின் பெரிய சில்லறை நிறுவனங்களும் வந்தன. 1984-இல் திருப்பூரின் நேரடி ஏற்றுமதி சுமார் 10 கோடி ரூபாய். 1990-இல் திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கம் உருவானது. 2024-25 நிதியாண்டில் ஏற்றுமதி 40,000 கோடி ரூபாயை ஒட்டி வந்தது. இந்தியாவின் மொத்தப் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கும் மேல் இந்த ஒரு ஊரிலிருந்தே போகிறது.

இந்த வளர்ச்சி சும்மா வந்துவிடவில்லை. பஞ்சப்படி கோரி 1984-இல் தொழிலாளர்கள் 127 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நொய்யல் ஆறு சாயக்கழிவால் நாசமானது. 2011 ஜனவரி இறுதியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. கழிவுநீரை முழுவதும் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தினால்தான் இயங்கலாம் என்ற நிலை வந்தது. திருப்பூரின் ஒரு டி-ஷர்ட்டின் விலையில் இந்தச் சுத்திகரிப்புச் செலவும் அடங்கியிருக்கிறது என்பதை வாங்குபவர்கள் பெரும்பாலும் அறிவதில்லை.

ஏற்றுமதி பெருகியதும் காதர்பேட்டைக்குப் புதிய வகைச் சரக்கு வரத் தொடங்கியது. அதுவரை வெள்ளை பனியன் விற்ற தெருவில் வண்ண டி-ஷர்ட்டுகளும், காலர் வைத்த டி-ஷர்ட்டுகளும், குளிர்காலத் தொப்பி ஜாக்கெட்டுகளும் குவிந்தன. ‘எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்’, ‘செகண்ட்ஸ்’, ‘ஸ்டாக் லாட்’ என்ற சொற்கள் சாதாரண மக்களின் வாயில் புழங்க ஆரம்பித்தன.

செகண்ட்ஸ் எப்படி வருகிறது?

ஒரு வெளிநாட்டு நிறுவனம் 10,000 டி-ஷர்ட் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். தொழிற்சாலை சரியாக 10,000 மட்டும் வெட்டினால், தையலில் சில கழிந்துவிடும், கணக்கு குறையும். அதனால் சில சதவீதம் கூடுதலாகவே வெட்டுவார்கள். துணி பின்னும்போது ஊசி உடைந்தால் துணி நெடுகக் கோடு விழும். ஒரு வளையம் நழுவினால் ஓட்டை விழும். இயந்திரத்து எண்ணெய் ஒரு சொட்டு பட்டால் கறை. ஒரே நிறத்தை இரண்டு தடவையாகச் சாயம் போட்டால் இரண்டுக்கும் இடையே மெல்லிய நிற வேறுபாடு வரும். பிரிண்ட் சற்று நகரலாம். தோள்பட்டைத் தையல் ஓரிடத்தில் விட்டுப்போகலாம்.

தைத்து முடிந்ததும் செக்கிங் பிரிவு ஒவ்வொரு பீஸாகப் பார்க்கிறது. பிறகு வாங்கும் நிறுவனத்தின் ஆய்வாளர் வந்து, குறிப்பிட்ட எண்ணிக்கையில் சில பெட்டிகளை மட்டும் பிரித்துச் சோதிக்கிறார். அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேல் குறை இருந்தால் மொத்த லாட்டையும் திருப்பிவிடலாம். கப்பல் புறப்படும் தேதி தவறினாலும் ஆர்டர் ரத்தாகலாம். வெளிநாட்டில் அந்தக் கடையே திவாலானாலும் சரக்கு இங்கேயே தங்கிவிடும். இப்படித் தங்கும் சரக்கில் பாதி எந்தக் குறையும் இல்லாத நல்ல சரக்காகக்கூட இருக்கலாம்.

இந்தச் சரக்கு கிடங்கில் கிடந்தால் இடமும் பணமும் முடங்கும். அதனால் ஸ்டாக் லாட் வியாபாரி வருகிறார். பெட்டிகளைப் பிரித்து ஒரு கை பார்த்துவிட்டு, மொத்தமாக ஒரு விலை சொல்கிறார். சில சரக்கு பீஸ் கணக்கிலும், சில சரக்கு கிலோ கணக்கிலும் கைமாறும். வாங்கி வந்ததும் தரம் பிரிப்பார்கள். குறை தெரியாதவை முதல் தரம். சிறு குறை உள்ளவை இரண்டாம் தரம். கண்ணுக்குத் தெரியும் ஓட்டை, கறை உள்ளவை மூன்றாம் தரம். பிசிறு வெட்டுவது, சிறு ஓட்டையைத் தைப்பது, கறையை ரசாயனம் கொண்டு எடுப்பது, அயர்ன் போட்டு மடித்து மீண்டும் கவரில் போடுவது என்று ஒவ்வொரு கட்டத்திலும் சிலருக்கு வேலை. இதில் வீட்டிலிருந்தே வேலை செய்யும் பெண்களும் இருக்கிறார்கள்.

உடையாக விற்க முடியாதவையும் வீணாவதில்லை. கட்டிங் வேஸ்ட் என்ற வெட்டுத் துண்டுகள் நிறம் வாரியாகப் பிரிக்கப்பட்டு, மீண்டும் பஞ்சாக்கப்பட்டு, மறுசுழற்சி நூலாகின்றன. சில துண்டுகள் பனியன் வேஸ்ட்டாகப் பண்டல் கட்டப்பட்டு, இரு சக்கர வாகன ஒர்க்‌ஷாப்பிலும் அச்சகத்திலும் எண்ணெய் துடைக்கும் துணியாகிவிடுகின்றன. மெக்கானிக்கின் கையில் இருக்கும் அந்த வண்ணத் துண்டு ஒரு காலத்தில் ஐரோப்பாவுக்குப் போகவிருந்த டி-ஷர்ட்டின் கைப்பகுதியாக இருந்திருக்கலாம்.

இன்னொரு வகைச் சரக்கையும் மறக்கக் கூடாது. காதர்பேட்டையில் விற்பது எல்லாமே ஏற்றுமதி மிச்சம் என்று நினைப்பது தவறு. கணிசமான பகுதி உள்நாட்டுச் சந்தைக்கென்றே சிறு யூனிட்டுகளில் தைக்கப்படுவது. ஒருவர் நூல் வாங்குவார், ஜாப் ஒர்க்கில் பின்னக் கொடுப்பார், சாயப்பட்டறைக்கு அனுப்புவார், இன்னொரு இடத்தில் கட்டிங், வேறொரு பவர் டேபிள் யூனிட்டில் தையல். சொந்தமாக ஓர் இயந்திரம்கூட இல்லாமல் ஒருவர் உற்பத்தியாளராக இருக்க முடிவது திருப்பூரில் தொழில் இப்படிப் பிரிந்து கிடப்பதால்தான். அந்தச் சரக்குக்குக் கடைத்தெருவாக இருப்பது காதர்பேட்டை.

யார் வாங்குகிறார்கள்?

இங்கே வாங்க வருபவர்களைப் பார்த்தாலே சந்தையின் வீச்சு புரியும். சிற்றூரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர், வாரச்சந்தையில் தரையில் விரித்து விற்பவர், தள்ளுவண்டிக்காரர், வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டு விற்கும் குடும்பத் தலைவி, கல்லூரி விழாவுக்கு ஒரே நிற டி-ஷர்ட் தேடும் மாணவர்கள், கேரளாவிலிருந்தும் கர்நாடகாவிலிருந்தும் வரும் மொத்த வியாபாரிகள் என்று பலதரப்பட்டவர்கள். பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் மாநிலங்களிலிருந்து வந்து பனியன் கம்பெனிகளில் வேலை செய்பவர்கள் ஊருக்குப் போகும்போது வீட்டாருக்குத் துணி எடுப்பதும் இங்கேதான். அதனால் கடைக்காரர்களில் பலர் தமிழோடு இந்தி, மலையாளம், கன்னடத்திலும் விலை பேசக் கற்றிருக்கிறார்கள்.

ரமலான், தீபாவளி, கிறிஸ்துமஸ், பொங்கல் காலங்களில் கூட்டம் அதிகம். ஜூன் மாதப் பள்ளித் திறப்பு, கோடைக்கால மெல்லிய பனியன், வட மாநிலங்களின் குளிர்காலத்துக்கான தடித்த உடைகள் என்று ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு சரக்கு உண்டு. பருவத்துக்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே வருபவருக்குத் தேர்வும் அதிகம், விலையும் குறைவு.

சிறிய முதலோடு தொழில் தொடங்க விரும்பும் நம் இளைஞர்களும் பெண்களும் இந்தச் சந்தையைக் கருத்தில் கொள்ளலாம். பெரிய பிராண்டுகளின் டீலர்ஷிப்புக்கு வைப்புத்தொகை வேண்டும். குறைந்தபட்சக் கொள்முதல் வேண்டும். இங்கே சில டஜன் வாங்கி விற்றுப் பார்த்துவிட்டு, எது ஓடுகிறது என்று தெரிந்துகொண்டு மீண்டும் வரலாம். ஆனால் கணக்கு முக்கியம். போக்குவரத்து, பார்சல் கட்டணம், விற்காமல் தங்கும் சரக்கு ஆகியவற்றைச் சேர்த்த பிறகும் லாபம் நிற்கிறதா என்று பார்த்தே இறங்க வேண்டும்.

வரி விஷயத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு பீஸ் 2,500 ரூபாய் வரை உள்ள ஆயத்த ஆடைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். அதற்கு மேல் 18 சதவீதம். காதர்பேட்டைச் சரக்கு ஏறத்தாழ முழுவதும் 5 சதவீதத்துக்குள் அடங்கிவிடும். ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாய்க்குள், மாநிலத்துக்குள் மட்டும் பொருள் விற்பவருக்குப் பதிவு கட்டாயமில்லை. வெளிமாநிலத்துக்கு விற்பதென்றால் பதிவு தேவை.

குறையைச் சொல்லி விற்பது

செகண்ட்ஸ் வியாபாரத்தின் உயிர் நம்பிக்கையில் இருக்கிறது. குறையுள்ள பொருளை விற்பது தவறல்ல. குறையை மறைத்து, முழு விலைக்கு விற்பதுதான் தவறு. தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், மக்கள் பார்க்கும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று அந்த வியாபாரியிடம் கேட்ட நிகழ்ச்சியை நாம் அறிவோம். செகண்ட்ஸ் கடைக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் இல்லை. ஓட்டை விழுந்த பீஸை அடியில் வைத்து, நல்ல பீஸை மேலே அடுக்கிக் கட்டிய பண்டல் ஒரு முறை விற்கும். மறுமுறை அந்த வாடிக்கையாளர் வரமாட்டார். இங்கே பல ஆண்டுகள் நிலைத்து நிற்கும் கடைக்காரர்கள் “இது செகண்ட்ஸ்ங்க, பாத்து எடுத்துக்கோங்க” என்று முதலிலேயே சொல்லிவிடுவார்கள். அந்த ஒரு வார்த்தைதான் அவர்களுடைய விளம்பரம்.

பிராண்டு விஷயத்திலும் இதே எச்சரிக்கை தேவை. ஏற்றுமதியில் மிஞ்சிய சரக்கு உள்நாட்டுக்கு வரும்போது லேபிளை வெட்டிவிடுவது வழக்கம். வாங்கும் நிறுவனங்களின் நிபந்தனை அது. அதனால் கழுத்தில் பாதி வெட்டிய லேபிள் இருப்பது குறையல்ல. மாறாக, புகழ்பெற்ற வெளிநாட்டுப் பெயர் பளிச்சென்று பொறித்த டி-ஷர்ட் நம்ப முடியாத விலைக்குக் கிடைத்தால் சந்தேகப்பட வேண்டும். போலி வணிகக் குறியிட்ட பொருளை விற்பது 1999-ஆம் ஆண்டு வணிகக் குறிகள் சட்டப்படி 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். அறியாமல் வாங்கி விற்கும் சிறு வியாபாரியும் சிக்கலில் மாட்டிக்கொள்ள நேரிடும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

துணியின் கனத்தை ‘ஜிஎஸ்எம்’ என்ற அளவில் சொல்வார்கள். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் எடை என்பதே அது. 140 முதல் 160 வரை மெல்லியது, கோடைக்கு ஏற்றது. 180 வாக்கில் நல்ல டி-ஷர்ட். 220-க்கு மேல் கனமானது. 280-ஐத் தாண்டியவை குளிர்கால உடைகள். கடைக்காரர் சொல்லும் எண்ணை அப்படியே நம்பாமல், இரண்டு கடைகளின் பீஸை ஒரே நேரத்தில் கையில் எடுத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

டி-ஷர்ட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஊசிக் கோடும் நுண்ணிய ஓட்டையும் உடனே தெரியும். இரு பக்கத் தையலும் நேராகக் கீழே இறங்குகின்றனவா என்று கவனியுங்கள். இப்போதே சற்று முறுக்கிக்கொண்டிருந்தால் துவைத்த பிறகு இன்னும் திரும்பிவிடும். கழுத்துப்பட்டியை மெதுவாக இழுத்துவிட்டு, பழைய நிலைக்குத் திரும்புகிறதா என்று பாருங்கள். அடர்ந்த நிறமாக இருந்தால், ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் ஓரிடத்தில் தேய்த்தால் சாயம் போகுமா என்று தெரிந்துவிடும்.

அளவு எழுத்தை நம்ப வேண்டாம். ஐரோப்பிய அளவும் இந்திய அளவும் ஒன்றல்ல. ‘எல்’ என்று போட்டது நமக்கு ‘எக்ஸ்எல்’ ஆகலாம். கையில் ஒரு டேப் வைத்துக்கொண்டு மார்பு அளவையும் உயரத்தையும் அளந்து வாங்குவதே நல்லது. மொத்தமாக எடுப்பவர்கள் பண்டலின் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் சில பீஸ்களை உருவிப் பார்க்க வேண்டும். செகண்ட்ஸை மாற்றிக்கொடுக்கும் வழக்கம் பெரும்பாலும் கிடையாது. பணம் கொடுக்கும் முன்பே பார்த்துவிடுவதுதான் பாதுகாப்பு. சந்தைக்குப் புதியவர்கள் முதல் கடையிலேயே வாங்காமல் நான்கைந்து கடை ஏறி விலை விசாரித்துவிட்டு வாங்கினால் பிறகு வருத்தப்பட வேண்டியிருக்காது.

சந்தை சந்தித்த அடிகள்

கடந்த பத்தாண்டுகள் காதர்பேட்டைக்கு எளிதாக இருக்கவில்லை. ரொக்கத்திலும் வாய்ச்சொல்லிலும் நடந்த வியாபாரம் இது. 2016 நவம்பர் 8 பணமதிப்பிழப்பு அறிவிப்பு அந்த ரொக்கச் சுழற்சியை நிறுத்தியது. 2017 ஜூலை 1 முதல் வந்த ஜிஎஸ்டி, ஒவ்வொரு கட்டத்திலும் பில் கேட்டது. பழகிக்கொள்வதற்குள் 2020 மார்ச் ஊரடங்கு வந்தது. ரயில்கள் நின்றன, தொழிலாளர்கள் ஊர் திரும்பினார்கள், கடைகள் மூடிக்கிடந்தன.

வெளியிலிருந்தும் போட்டி வந்தது. தெற்காசிய நாடுகளுக்கிடையிலான ஒப்பந்தச் சலுகையின் கீழ் வரியின்றி இறக்குமதியான வங்கதேச ஆடைகள் இந்திய நகரங்களின் சந்தைகளில் குறைந்த விலைக்குக் கிடைத்தன. திருப்பூரின் உள்நாட்டு உற்பத்தியாளர்கள் இது குறித்துத் தொடர்ந்து முறையிட்டு வந்தார்கள். 2025 மே 17 அன்று மத்திய அரசு, வங்கதேச ஆயத்த ஆடைகள் தரைவழியே வருவதைத் தடுத்து, நவசேவா, கொல்கத்தா ஆகிய துறைமுகங்கள் வழியாக மட்டுமே வரலாம் என்று கட்டுப்பாடு விதித்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீத வரி விதித்தபோது திருப்பூரின் ஏற்றுமதியாளர்கள் தவித்தார்கள். ஏற்றுமதிச் சரக்கு தேங்கினால் காதர்பேட்டைக்கு மலிவாக வரும், அது லாபம்தானே என்று தோன்றலாம். ஆனால் ஆர்டர் குறைந்தால் தொழிலாளியின் ஓவர்டைம் குறையும்; அவர் கையில் காசு குறைந்தால் உள்ளூர்க் கடைத்தெருவும் படுத்துவிடும். இரண்டும் ஒரே நூலில் கோத்தவை.

எல்லாவற்றிலும் கண்கூடான அடி 2023 ஜூன் மாதம் விழுந்தது. காதர்பேட்டை பனியன் பஜாரில் இரவில் பிடித்த தீயில் சுமார் 50 கடைகள் எரிந்து சாம்பலாயின. பருத்தித் துணியும் பிளாஸ்டிக் கவரும் அட்டைப் பெட்டியும் கூரைவரை அடுக்கிய சிறு கடைகள் ஒன்றோடொன்று ஒட்டி நின்றால், ஒரு பொறி போதும். பெரிய தொழிற்சாலை எரிந்தால் காப்பீடு வரும். கடன் வாங்கிச் சரக்கு போட்ட சிறு கடைக்காரருக்கு எரிந்தது அவருடைய மொத்த முதல்.

என்ன செய்ய வேண்டும்?

அந்தத் தீ நமக்குச் சொல்வது தெளிவானது. நெருக்கமான துணிச் சந்தைகளில் மின்கம்பிகளைத் தரமானவையாக மாற்றுவதும், இரவில் கடை மூடும்போது மெயின் சுவிட்சை அணைப்பதும், ஒவ்வொரு கடையிலும் ஒரு தீயணைப்பான் வைப்பதும் பெரிய செலவு பிடிக்காதவை. தீயணைப்பு வண்டி நுழையும் அளவுக்குச் சந்தில் வழி விடுவது கடைக்காரர்கள் கூடிப் பேசி முடிவெடுக்க வேண்டியது. சரக்குக்கான தீ காப்பீட்டைச் சிறு வியாபாரிகள் தேவையற்ற செலவாக நினைக்கிறார்கள். கொள்முதல் பில் இல்லாவிட்டால் காப்பீடு இருந்தும் இழப்பீடு பெறுவது கடினம் என்பதையும் அறிய வேண்டும். பில் போட்டு வாங்குவது வரிக்காக மட்டும் அல்ல, நம் பாதுகாப்புக்காகவும்தான்.

சாலையோரத்தில் விற்பவர்களுக்கு 2014-ஆம் ஆண்டு தெருவோர வியாபாரிகள் சட்டம் சில உரிமைகளைத் தருகிறது. கணக்கெடுப்பில் பெயர் சேர்த்து, விற்பனைச் சான்றும் அடையாள அட்டையும் பெற்றவரை உரிய முன்னறிவிப்பின்றி அப்புறப்படுத்த முடியாது. இதை அறியாமல் பலர் ஒவ்வொரு நாளும் அச்சத்தோடு கடை விரிக்கிறார்கள். திருப்பூர் 2008 முதல் மாநகராட்சியாக இருக்கிறது; 2009 முதல் தனி மாவட்டத்தின் தலைநகரமும்கூட. ஏற்றுமதிக்கெனத் தனித் தொழிற்பூங்கா கண்ட ஊரில், உள்நாட்டுச் சிறு வியாபாரிகளுக்குக் காற்றோட்டமும் கழிப்பிடமும் தீப்பாதுகாப்பும் உள்ள ஒரு வணிக வளாகத்தைக் கேட்பது அதிகப்படியான கோரிக்கை அல்ல. ஆனால் அங்கே வாடகை, இப்போது சிறிய கடைக்காரர் கொடுக்கும் அளவுக்குள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கட்டடம் அழகாக நிற்கும். பழைய வியாபாரிகள் அதற்கு வெளியே நிற்பார்கள்.

ஆன்லைன் விற்பனை காதர்பேட்டையை அழித்துவிடும் என்ற பேச்சு பல ஆண்டுகளாகக் கேட்கிறது. கைபேசியில் படம் பார்த்து வாங்குபவர்கள் பெருகியிருப்பது உண்மைதான். ஆனால் அந்தப் படங்களைப் போட்டு விற்பவர்களில் கணிசமானவர்கள் சரக்கு எடுப்பது இதே தெருவில்தான். ஒரே மாதிரி இல்லாத ஸ்டாக் லாட் சரக்கைத் தொட்டுப் பார்த்து, இழுத்துப் பார்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து விலை பேச வேண்டியிருக்கும் வரை, அதற்கென ஓர் இடம் தேவைப்படும்.

அடுத்த முறை திருப்பூர் வழியாகப் போகும் வாசகர்கள், நேரம் இருந்தால் ஒரு மணி நேரம் ஒதுக்கிக் காதர்பேட்டையைச் சுற்றிப் பாருங்கள். வீட்டுக்கு நாலு பனியன் எடுப்பதோடு, ஒரு தொழில் ஊரின் பெரிய நிறுவனங்களுக்கும் சிறிய மனிதர்களுக்கும் இடையே சரக்கும் பணமும் எப்படிக் கைமாறுகின்றன என்பதை நேரில் அறிந்துகொள்ள அந்த ஒரு மணி நேரம் போதும்.